அவர் என்ன வேலை பார்த்தார்

கள்ளக்குறிச்சி கடைவீதியில் இரும்புக் கடை வைத்திருக்கும் கலீலுல்லாவுக்கு மகள் ஹப்சாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வியாபாரம் மறந்துபோகும். தாழ்ப்பாள் வாங்க வந்தவரை நிறுத்திவைத்து, "எம்பொண்ணு கொரியாக்காரங்களுக்குப் பேசிக் குடுக்குற வேலைல இருக்கா. அவங்க சொல்றத நம்மாளுங்களுக்கு, நம்மாளுங்க சொல்றத அவங்களுக்கு. அவ இல்லன்னா அங்க ஒரு வேல நடக்காது" என்பார். அதில் மிகை ஒன்றும் இல்லை. உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலை ஓரம் கார் கதவுக்கு ரப்பர் பட்டை செய்யும் அந்தக் கொரியக் கம்பெனியில் அறுநூறு பேர் வேலை பார்த்தார்கள். கொரியர்கள் ஒன்பது பேர். இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் ஹப்சா ஒருத்திதான்.

சென்னையில் விடுதியில் தங்கி ஒன்றரை வருடம் படித்த மொழி அது. முதல் நாள் வகுப்பில் சொல்லிக் கொடுத்தது பெயர், இரண்டாவது நாள் தொழில். "முசுன் இருல் ஹாசேயோ?" என்று கேட்டால் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று அர்த்தம். வேலைக்கு அந்த மொழியில் 'இல்' என்று பெயர், வாக்கியத்தில் வரும்போது 'இருல்' ஆகும். தமிழில் இல்லை என்பதற்கும் வீடு என்பதற்கும் இருக்கும் அதே சொல் அங்கே வேலையாகிவிடுகிறதே என்று அவளுக்கு அப்போது சிரிப்பாக இருந்தது. வகுப்பில் இருந்த இருபது பேரும் எழுந்து நின்று, இன்னும் பார்க்காத வேலைகளை எல்லாம் பார்ப்பதாகச் சொன்னார்கள். அவள் 'தோங்யோக்சா' என்றாள். மொழிபெயர்ப்பாளர். இரண்டு வருடத்தில் அது உண்மையாகவும் ஆகிவிட்டது.

விடிந்தும் விடியாமலும் கம்பெனி பஸ் வரும். தியாகதுருகம், எலவனாசூர்கோட்டை என்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் இறக்கும். பஸ்ஸில் அவளுக்கு முன் சீட்டை யாரும் சொல்லாமலே விட்டுவிடுவார்கள். "மேடம்" என்பார்கள், அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும்.

அந்த வருடம் ஆடி மாதத்தில், பட்டை வாங்குகிற கொரியக் கார் கம்பெனியிலிருந்து பெரிய ஆட்கள் பார்வையிட வருகிறார்கள் என்று சேதி வந்தது. ஒவ்வொரு தொழிலாளியும் தன் பெயரையும் தன் வேலையையும் கொரிய மொழியில் சொன்னால் வருகிறவர்கள் குளிர்ந்துபோவார்கள் என்று ஆலைத் தலைவருக்கு ஆசை. அந்த ஆசை ஹப்சாவின் தலையில் விழுந்தது. சனிக்கிழமைகளில் முதல் ஷிப்ட் முடிந்ததும் சாப்பாட்டுக் கூடத்தில் நாற்பது பேருக்கு வகுப்பு. யார் எந்த மெஷினில் நிற்கிறார்கள் என்று சூப்பர்வைசர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அதை அவள் தன் நோட்டில் பெயர்வாரியாக எழுதிக்கொண்டாள். ஒவ்வொருவருக்கும் அவரவர் வேலைக்கு உண்டான ஒரே ஒரு வாக்கியம்.

முனியன் அந்த நாற்பதில் ஒருவர். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஊர். முப்பத்தொரு வயது, ஒடிசலான தேகம். கான்ட்ராக்டர் மூலம் வந்து சேர்ந்தவர். நோட்டில் அவர் பெயருக்கு எதிரே 'பிரஸ் 4' என்று இருந்தது. இரண்டு சூடான இரும்புத் தட்டுகளுக்கு நடுவே ரப்பரை வைத்து அழுத்தி எடுக்கிற மெஷின் அது. அவருக்கு வந்த வாக்கியம், "ஜோனுன் புரேசு இருல் ஹம்னிதா." நான் பிரஸ் வேலை செய்கிறேன். முதல் வாரத்திலேயே பிடித்துக்கொண்டார். மெஷின் அழுத்துகிற நேரத்தில் வேறு வேலை இல்லை, சொல்லிப் பார்த்துக்கொண்டே இருப்பேன் என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியநாயகிதான் பாவம். ஆலையைக் கூட்டிப் பெருக்குகிறவள், அவளுக்கு 'ச்சோங்சோ' என்ற சொல் வாயில் நுழையவே இல்லை. சுத்தம் செய்வது என்று அர்த்தம். முனியன்தான் அவளுக்கு வழி சொன்னார். "சோறுன்னு நெனச்சுக்க. ரெண்டு சோறு. சோங், சோ." கூடமே சிரித்தது. ஹப்சாவும் சிரித்தாள்.

வந்தவர்கள் வந்து போனார்கள். முனியன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு தன் வாக்கியத்தைச் சொன்னபோது அவர்களில் ஒருவர் கைதட்டினார். போட்டோ எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள்.

அதற்கப்புறம் ஆர்டர் கூடியது. ஒரு ஷிப்டுக்கு இத்தனை பட்டை என்ற கணக்கை ஏற்றினார்கள். ஏற்றச் சொன்னவர் கொரியர், அதைத் தமிழில் சொன்னது ஹப்சா. கை உள்ளே இருந்தால் மெஷினை நிறுத்துவதற்கு பிரஸ்ஸின் முன்னால் கண் போல ஒரு சென்சார் இருக்கும். அது அடிக்கொரு தரம் நின்று நின்று வேலையைத் தாமதப்படுத்துகிறது என்று நாலாம் நம்பரில் அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தார்கள். அதையும் ஹப்சா போகிற வருகிற வழியில் பார்த்திருக்கிறாள். தன் வேலை பேச்சு, மெஷின் இல்லை என்று நினைத்துக்கொள்வாள்.

புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு நாலாம் நம்பர் பிரஸ் முனியனின் வலது கைமேல் மூடிக்கொண்டது. தட்டுகளைப் பிரிக்க நாலு நிமிடம் ஆனது. அலறல் முதலில் கேட்டது, பிறகு கேட்கவில்லை. ஹப்சா மேல்மாடி அறையில் ஒரு கடிதத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். இறங்கி வந்தபோது ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ரப்பர் கருகிய வாடையோடு இன்னொரு வாடையும் இருந்தது. சென்சாரின்மேல் இருந்த டேப் அதற்குள் காணாமல் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் மணிக்கட்டுக்கு மேலே கையை எடுத்துவிட்டார்கள்.

பன்னிரண்டாம் நாள் கொரியாவிலிருந்து தலைமை அலுவலகத்துப் பாதுகாப்பு அதிகாரி வந்தார். யூன் என்று பெயர், ஐம்பதை ஒட்டிய பெண்மணி. அடிபட்டவரை நேரில் பார்த்துப் பேசாமல் அறிக்கை எழுதமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவர் ஒரு காரில் முன்னே போக, பின்னால் வந்த காரில் பணியாளர் மேலாளர் தீனதயாளன் ஹப்சாவைத் தன்னோடு ஏற்றிக்கொண்டார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. தொழிலாளி வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் போய் நிற்கிறவர். அவர் சொன்னது இதுதான். கான்ட்ராக்ட் ஆளை உற்பத்தியில் நிறுத்தக் கூடாது என்று தலைமை அலுவலக விதி. அதனால் முனியன் ரெக்கார்டில் துப்புரவுப் பணியாளர். துப்புரவுப் பணியாளர் எவர் பேச்சையும் கேட்காமல் மெஷினுக்குள் கையை விட்டுவிட்டார் என்றால் விஷயம் அதோடு முடியும். இல்லையென்றால் ஆர்டர் போகும், ஆலை போகும்.

"நீ பொய் சொல்லுன்னு நான் சொல்லலம்மா. ரெக்கார்டுல இன்னா இருக்குதோ அதச் சொல்லு. அறுநூறு வூட்ல அடுப்பு எரியுது. அது உன் வாயில இருக்குது, பாத்துக்க."

ஹப்சா வண்டி ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறவரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அந்த அறுநூறு வீடுகளில் ஒன்று தன்னுடையது என்பதும் அவளுக்குத் தெரியும்.

முனியன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கட்டுப் போட்ட முழங்கை தலையணைமேல் இருந்தது. மனைவி இருசம்மாள் கால்மாட்டில் நின்றாள், இடுப்பில் இரண்டு வயதுப் பெண்குழந்தை. யூன் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உங்களுக்கு நேர்ந்ததற்காக மிகவும் வருந்துகிறேன் என்றார். ஹப்சா அதைச் சொன்னாள். முனியன் தலையாட்டினார். பிறகு யூன் கேட்டார், ஆலையில் நீங்கள் என்ன வேலை பார்த்தீர்கள்?

ஹப்சா கேள்வியைத் தமிழில் சொல்லும் முன்பே முனியனுக்குப் புரிந்துவிட்டது. வகுப்பில் நூறு தடவை கேட்ட கேள்விதானே. ஆனாலும் மரியாதைக்காக அவள் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, தமிழிலேயே விவரமாகச் சொன்னார். எட்டு மாதமாக நாலாம் நம்பர் பிரஸ் ஓட்டினேன், சென்சாரை மூடியிருந்தார்கள், எடுக்கச் சொல்லி இரண்டு தடவை சூப்பர்வைசரிடம் கேட்டேன், ரப்பர் ஒட்டிக்கொண்டதை எடுக்கக் கை விட்டேன், மூடிக்கொண்டது.

ஹப்சா யூன் பக்கம் திரும்பினாள். சுத்தம் செய்கிற வேலையில் இருந்தாராம், மெஷினில் ஒட்டியிருந்த ரப்பரை எடுக்கக் கை விட்டாராம் என்றாள்.

அவ்வளவு பெரிய பேச்சு இவ்வளவு சின்னதாக ஆனதை யூன் கவனித்தாரோ என்னவோ, எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார். ஆனால் முனியன் கவனித்துவிட்டார். அந்த வாக்கியத்தின் நடுவே வந்த 'ச்சோங்சோ' அவர் காதில் விழுந்திருந்தது. அவர் ஹப்சாவைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. பஸ்ஸில் தப்பான நிறுத்தத்தில் இறங்கிவிட்டவர் சுற்றிலும் பார்ப்பாரே, அப்படி ஒரு பார்வை. பிறகு முதுகை நிமிர்த்தி, இடது கையை நெஞ்சில் வைத்து, யூனின் முகத்தைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னார்.

"ஜோனுன் புரேசு இருல் ஹம்னிதா."

யூன் பேனாவை மூடிவிட்டு ஹப்சாவிடம் திரும்பி, இவருக்கு எப்படிக் கொரிய மொழி தெரியும் என்று கேட்டார். தீனதயாளனுக்கு மொழி புரியாவிட்டாலும் நடப்பது புரிந்தது. அவர் லேசாகக் கனைத்தார்.

அந்த நேரத்தில்கூட எல்லாவற்றையும் சரி செய்திருக்கலாம். நான்தான் சொல்லிக் கொடுத்தேன், அவர் சொல்வது உண்மை, நான் சொன்னதுதான் தப்பு என்று மூன்று வாக்கியம் போதும். ஹப்சா முதல் வாக்கியத்தை மட்டும் சொன்னாள். விருந்தினர்களுக்காக ஒரு வகுப்பு நடத்தினேன், எல்லாரும் மனப்பாடம் செய்தார்கள் என்றாள். எல்லாருக்கும் ஒரே வாக்கியம்தானா என்று யூன் கேட்டார்.

ஆமாம் என்றாள் ஹப்சா.

யூன் பெருமூச்சு விட்டு எழுதத் தொடங்கினார். முனியன் கையை நெஞ்சிலிருந்து எடுக்கவில்லை. தன் பேச்சு போய்ச் சேர்ந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை. இன்னொரு தடவை அதே வாக்கியத்தைச் சொன்னார், கொஞ்சம் மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோல. யூன் அவரைப் பார்த்துப் பரிவோடு புன்னகை செய்தார். வெளியே வந்ததும் மொழிபெயர்ப்பு சரி என்று ஒரு தாளில் ஹப்சாவிடம் கையெழுத்து வாங்கினார்கள்.

வீட்டில் அவள் எதுவும் சொல்லவில்லை. அம்மா அஸ்ரப் நிஷா மட்டும், பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை, யாரோடோ மனத்தாங்கல் போல என்று புருஷனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆலையில் நோட்டீஸ் போர்டிலிருந்த போட்டோவை எடுத்துவிட்டார்கள். நாலாம் நம்பர் பிரஸ்ஸில் வேறொரு கான்ட்ராக்ட் ஆள் நின்றான். பெரியநாயகி ஹப்சாவைக் கண்டால் துடைப்பத்தோடு வேறு பக்கம் நகர்ந்துவிடுவாள்.

இரண்டு மாதம் இப்படியே ஓடியது. தன்னால் இதோடு வாழ்ந்துவிட முடியும் என்றுகூட அவளுக்குத் தோன்ற ஆரம்பித்திருந்தது. அப்போதுதான் முனியன் சார்பில் வெங்கடேசன் என்ற வக்கீல் நஷ்டஈடு கேட்டுத் தொழிலாளர் அலுவலகத்தில் வழக்குப் போட்டார். கம்பெனியின் பதில் மனுவோடு வைப்பதற்காகக் கொரிய அறிக்கையைத் தமிழாக்கும் வேலை அவளிடமே வந்தது. ஆறு பக்கம். நாலாம் பக்கத்தில் இப்படி இருந்தது. 'அடிபட்டவர் தாம் பிரஸ் இயக்குநர் என்ற பொருளில் ஒரு கொரிய வாக்கியம் சொன்னார். அது வகுப்பில் எல்லாருக்கும் கற்றுத்தரப்பட்ட மனப்பாட வாக்கியம் என்றும், அவருடைய உண்மையான வேலையைக் குறிப்பது அன்று என்றும் மொழிபெயர்ப்பாளர் ஹப்சா உறுதி செய்தார்.'

அதைத் தமிழில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவள் தன் பெயர் வந்த இடத்தில் நிறுத்திவிட்டாள். கை போன பிறகு முனியனிடம் மிச்சம் இருந்தது அந்த ஒரு வாக்கியம். அதையும் அவள்தான் பிடுங்கியிருந்தாள்.

அன்றைக்கு மாலையே யூனுக்குக் கொரிய மொழியில் ஒரு மின்னஞ்சல் எழுதினாள். நடந்தது முழுவதையும் எழுதினாள், டேப்பையும் சேர்த்து. நாலு நாளில் பதில் வந்தது. தங்கள் நேர்மையைக் குறித்துக்கொண்டோம், அறிக்கை முடிந்துவிட்டது, மேற்கொண்டு உள்ளூர்ச் சட்டப்படி நடக்கவும், இதன் நகல் ஆலை நிர்வாகத்துக்கும் அனுப்பப்பட்டுள்ளது. அடுத்த திங்கட்கிழமை கேட்டில் அவளுடைய அட்டை வேலை செய்யவில்லை. வாட்ச்மேன் அவள் முகத்தைப் பார்க்காமல், "உள்ள வுட வேணாம்னு சொல்லிட்டாங்க மேடம்" என்றார்.

விஷயம் தெரிந்தபோது கலீலுல்லா கடையில் ஆணிகளைப் பிரித்துப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "அன்னிக்கே சொல்லியிருந்தீன்னா வேல மட்டுந்தான் போயிருக்கும்" என்றார்.

கச்சிராயபாளையம் வழியாக மலைக்குப் போகிற பஸ்ஸில் ஏறி, வெள்ளிமலையில் இறங்கி, விசாரித்து விசாரித்து அவள் முனியன் வீட்டுக்குப் போனாள். மரவள்ளிக் காட்டின் ஓரத்தில் ஓடு வேய்ந்த சின்ன வீடு. முனியன் இடது கையால் பெண்ணுக்குச் சோறு ஊட்டப் பழகிக்கொண்டிருந்தார். பாதி கீழே சிந்தியது. அவள் நின்றபடியே சொல்லத் தொடங்கினாள். அவர் முடிக்கவிடவில்லை.

"நீங்க அன்னிக்கி இன்னா சொன்னீங்கன்னு எனக்குத் தெரியும் மேடம். ரெண்டு சோறு."

அவர் சிரிக்கவில்லை. வழக்கில் சாட்சி சொல்கிறேன் என்றாள். சொல்லுங்கள் என்றார். இருசம்மாள் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சாட்சி சொன்னாள். பிரஸ்ஸில் கூட நின்ற சரத்குமார் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைசி நாளில் வரவில்லை. உற்பத்திப் பதிவேட்டில் நாலாம் நம்பருக்கு எதிரே நிரந்தரத் தொழிலாளி ஒருவர் பெயர் எட்டு மாதமும் அழகான கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தது. ஹப்சா தன் வகுப்பு நோட்டைக் கொடுத்தாள். நோட்டில் எப்போது வேண்டுமானாலும் எழுதலாம், வேலையை விட்டு நீக்கிய கோபத்தில் எழுதியிருக்கிறார் என்றார் கம்பெனி வக்கீல். அப்புறம் அவள் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து நீட்டினார்.

விசாரணை அதிகாரி கடுமையான மனிதர் அல்ல. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அவளிடம் கேட்டார்.

"ஏம்மா, அன்னிக்கிச் சொன்னதும் நீதான், இன்னிக்கிச் சொல்றதும் நீதான். நான் எந்த ஹப்சாவ நம்பறது?"

இன்றைக்கு நிற்கிறவளை என்றாள். அதை அவர் எழுதிக்கொண்டார். ஆனால் ஏழு மாதம் கழித்து வந்த உத்தரவில், மனுதாரர் பிரஸ் இயக்கும் பணியில் இருந்தார் என்பது நிரூபிக்கப்படவில்லை, சாட்சி முன்னுக்குப்பின் முரணாக உள்ளது, தடை செய்யப்பட்ட பகுதியில் தம் விருப்பப்படி நுழைந்தவர் என்பதால் கோரிக்கை ஏற்கப்படவில்லை என்று இருந்தது. மேல்முறையீடு செய்யலாம் என்றார் வெங்கடேசன். எத்தனை வருடம் ஆகும் என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

உத்தரவின் நகலை எடுத்துக்கொண்டு ஹப்சா இரண்டாவது தடவை மலை ஏறினாள். தபாலில் அனுப்பியிருக்கலாம். தன் வாயால்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். முனியன் வாசலில் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார். ஒரு வருடத்தில் ஆள் கறுத்து, கழுத்து எலும்பு தெரிந்தது. அவள் ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொன்னாள். எதையும் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை. சாட்சி முரண் என்ற இடத்தில் நிறுத்தி, அது நான்தான் என்றும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். முடிந்ததும் எழுந்து மரவள்ளிக் காட்டுக்குள் போய்விட்டார்.

வீட்டுக்குள் இருசம்மாள் ஒரு சாக்குப் பையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கர்நாடகாவில் காப்பித் தோட்டத்துக்கு ஊரிலிருந்து ஒரு வண்டி ஆள் போகிறதாம், மறுநாள் அவளும் போகிறாள். குழந்தையும் கூட வருகிறது. புருஷன் இங்கே இருப்பார். ஒரு கையோடு வருகிற ஆளை மேஸ்திரி ஏற்றமாட்டேன் என்றுவிட்டானாம். இதையெல்லாம் துணியை மடித்தபடியே, அடுத்த வீட்டுச் சங்கதி சொல்வதுபோலச் சொன்னாள். ஹப்சா மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள்.

"அன்னிக்கி நீங்க சொல்லியிருந்தாலும் கை வந்திருக்காது" என்றாள் இருசம்மாள். "அது எனக்கும் தெரியும். ஆனா அந்தம்மா எதுருல அவரு அவ்ளோ நல்லா சொன்னாரு. ஊரு வந்ததுல இருந்து எதையும் யாருகிட்டயும் சொல்றதில்ல. நான் கேட்டாலும் சொல்றதில்ல. சொல்லி இன்னா ஆவப் போவுதுன்றாரு."

பையின் வாயைச் சணலால் கட்டி முடிச்சுப் போட்டாள்.

"நீங்க நல்லதுக்குத்தான் வர்றீங்க. போன தபா நீங்க வந்துட்டுப் போயி ரெண்டு நாளு அவரு சோறு துன்னல. இப்ப நானும் இருக்க மாட்டேன். இனிமே வராதீங்க."

ஹப்சா நகலைச் சுவர்த்தட்டில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். காட்டுப் பக்கம் பார்த்தாள். செடிகளுக்கு நடுவே முனியனின் சட்டை தெரிந்தது. அவர் திரும்பவில்லை. பஸ் வர ஒன்றேகால் மணி நேரம் இருந்தது. வெள்ளிமலை வரை நடந்தே போனாள்.

இப்போது அவள் அத்தாவின் இரும்புக் கடையில் இருக்கிறாள். வேறு இரண்டு கம்பெனிகளில் கேட்டுப் பார்த்தாள். நேர்முகத்துக்குக் கூப்பிட்டவர்கள் பழைய இடத்தில் விசாரித்துவிட்டுப் பிறகு கூப்பிடவில்லை. மேல்முறையீடு சென்னையில் இன்னும் வழக்கு எண்கூடப் போடப்படாமல் கிடக்கிறது. அதற்கான தாள்களை அவள்தான் எழுதிக் கொடுக்கிறாள். முனியனிடம் கையெழுத்து வாங்க வக்கீலின் குமாஸ்தா மலைக்குப் போய்வருகிறார். இடது கைக் கையெழுத்து இன்னும் படியவில்லை என்பதால் விரல் ரேகைதான் வைக்கிறாராம். எதுவும் கேட்பதில்லை, காட்டின இடத்தில் வைத்துவிடுகிறார் என்று குமாஸ்தா சொன்னார்.